வாசகர் கேள்வி பதில்: இந்த வாரம் முழுக்க பார்பரா ஜோர்டன்

போன இதழில் சேலத்து வாசகர் ஒருவர், “நல்லா பேசத் தெரிஞ்சா போதும், அரசியல்ல ஜெயிச்சிடலாம்னு சொல்றாங்களே, உண்மையா?” என்று கேட்டிருந்தார். “அமெரிக்காவின் பார்பரா ஜோர்டனைவிட நன்றாகப் பேசியவர்கள் குறைவு, அவரே முதல் இரண்டு தேர்தலில் தோற்றவர்” என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்திய காலம் முழுக்க நான் மனசார நேசித்துப் பாடம் எடுத்த பெயர் அது. அதனால் மற்ற கேள்விகளுக்கு அடுத்த வாரம் இடம் தருகிறேன்.

கேள்வி: அம்மா, யார் இந்த பார்பரா ஜோர்டன்? எங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்த ஞாபகமே இல்லையே?
(கல்லூரி மாணவி, ஈரோடு)

டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், ‘ஐந்தாவது வார்டு’ என்ற கறுப்பின மக்கள் குடியிருப்பில் 1936 பிப்ரவரி 21 அன்று பிறந்தவர். அப்பா பெஞ்சமின், கிடங்கு ஒன்றில் குமாஸ்தா, பாப்டிஸ்ட் போதகரும்கூட. பார்பராவை உருவாக்கியதில் அம்மாவின் அப்பா ஜான் எட் பேட்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. கழுதை வண்டியில் பழைய துணி, காகிதம், இரும்பு வாங்கி விற்றவர் அந்தத் தாத்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியும் அவரோடு உட்கார்ந்து சாமான்களைத் தரம் பிரிப்பாள். அவர் பைபிளை வாசித்துக் காட்டி, “நீ ஊரோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, உன் வழியில் போ” என்று சொல்லி வளர்த்தார்.

பள்ளிக்கு ஒருநாள் சிகாகோவிலிருந்து ஈடித் சாம்ப்சன் என்ற கறுப்பின வழக்கறிஞர் பேச வந்தார். அவர் பேச்சைக் கேட்ட அன்றே ‘நான் வக்கீலாகத்தான் ஆவேன்’ என்று முடிவு செய்துவிட்டாள் சிறுமி. ஆஸ்டினில் இருந்த டெக்சாஸ் பல்கலைக்கழகம் அன்று கறுப்பின மாணவர்களை இளங்கலைப் படிப்பில் சேர்க்காது. அதனால் ஹூஸ்டனிலேயே, கறுப்பினத்தவருக்கென்று நடந்த டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தாமஸ் ஃப்ரீமன் என்ற ஆசிரியர் விவாதக் குழுவை நடத்தினார். அவருடைய மாணவர்கள் ஹார்வர்டு அணியோடு விவாதம் செய்து சமநிலையில் முடித்த கதையை ஹூஸ்டன்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1959இல் பட்டம் வாங்கினார். வகுப்பில் கறுப்பினப் பெண்கள் இரண்டே பேர். அங்கே போன பிறகுதான், தனக்குத் தனியாகக் கொடுக்கப்பட்ட கல்வி சமமாக இல்லை என்று உறைத்தது. பதினாறு வருடப் படிப்பில் விட்டுப்போனதை எல்லாம் ஒரே மூச்சில் சரிக்கட்ட வேண்டியிருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பியவரிடம் அலுவலகம் போடக் காசில்லை. பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே வழக்குக் கட்டுகளைப் பரப்பித் தொழிலைத் தொடங்கினார்.

கேள்வி: அவ்வளவு பெரிய பேச்சாளர் இரண்டு முறை தோற்றார் என்கிறீர்கள். மூன்றாவது முறை எப்படி ஜெயித்தார்? பேச்சை மாற்றிக்கொண்டாரா?
(வாசகர், தென்காசி)

இல்லை ஐயா. பேச்சு அதேதான், ஆளும் அதே ஆள்தான். மாறியது தொகுதியின் எல்லை. இந்தப் பதிலை மட்டும் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960இல் ஜனநாயகக் கட்சி சார்பில் கென்னடி அதிபர் பதவிக்கும் ஜான்சன் துணை அதிபர் பதவிக்கும் நின்றபோது, ஜோர்டன் அந்தக் கட்சி அலுவலகத்துக்குத் தொண்டராகப் போனார். முதலில் கிடைத்த வேலை, கடித உறைகளில் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டுவது. ஒருநாள் ஒரு தேவாலயத்தில் பேச வேண்டியவர் வராமல் போக, இவரை அனுப்பினார்கள். அன்றோடு உறை ஒட்டும் வேலை முடிந்தது, இனி நீ பேசு என்றுவிட்டார்கள். ஆனால் அவர் மேடையோடு நிற்கவில்லை. ஹூஸ்டனின் கறுப்பினப் பகுதி வாக்குச்சாவடிகள் நாற்பதில், தெருவுக்குத் தெரு ஆள் போட்டு வாக்காளர்களை வீட்டிலிருந்து அழைத்து வரும் ஏற்பாட்டைச் செய்தார். அங்கே பதிவு எண்பது சதவீதத்தைத் தொட்டது. இத்தனைக்கும் அப்போது டெக்சாஸில் வாக்குரிமைக்கே வரி கட்ட வேண்டும்.

அந்தத் துணிச்சலில் 1962இல் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு நின்றார். வேட்புமனுக் கட்டணம் 500 டாலரைக் கடன் வாங்கித்தான் கட்டினார். எங்கே இடித்தது தெரியுமா? அந்தச் சபைக்கு, ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டி (மாவட்டம்) முழுவதும் ஒரே தொகுதி மாதிரி. ஐந்தாவது வார்டு ஒட்டுமொத்தமாக ஓட்டுப் போட்டாலும், வெள்ளையர் குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்த கணக்கில் அது கரைந்துவிடும். அப்படித்தான் கரைந்தது. 1964இல் மறுபடி நின்றார். மறுபடியும் தோல்வி. தெரிந்தவர்கள், நண்பர்கள், ‘போதும், கல்யாணம் செய்துகொண்டு நிம்மதியாக இரு’ என்று புத்தி சொன்னார்கள்.

அதே 1964இல் உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டசபைத் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதற்கு அர்த்தம் அதுதான் என்று தீர்ப்புக் கொடுத்தது. அடுத்த ஆண்டு டெக்சாஸ் தன் தொகுதிகளைப் புதிதாக வரைய வேண்டி வந்தது. மாநில மேலவையான செனட்டுக்கு வரைந்த புதிய 11ஆம் தொகுதியின் வரைபடத்தை வாங்கி மேஜையில் விரித்தார் ஜோர்டன். அதற்குள் இருந்த வாக்குச்சாவடிகளில் பெரும்பாலானவை, முந்தைய இரண்டு தேர்தலிலும் அவருக்கு வாக்களித்த சாவடிகள்! 1966இல் கட்சியின் உள்தேர்தலில், அனுபவமுள்ள வெள்ளையர் எம்.எல்.ஏ. ஒருவரை ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற வித்தியாசத்தில் வென்றார். 1883க்குப் பிறகு டெக்சாஸ் செனட்டில் கால் வைத்த முதல் கறுப்பினத்தவர் அவர். கறுப்பினப் பெண் என்று பார்த்தால், அந்தச் சபையின் வரலாற்றிலேயே முதலாமவர்.

தோற்றவர்களைப் பார்த்து ‘திறமை போதவில்லை’ என்று சட்டென்று தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். 1962இல் அவர் தோற்றதற்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லை. கோடு யார் கையில் இருந்தது என்பதுதான் விஷயம்.

கேள்வி: 31 பேர் கொண்ட சபையில் ஒற்றைப் பெண், ஒற்றைக் கறுப்பினத்தவர். என்னதான் செய்திருக்க முடியும்?
(வாசகி, காரைக்குடி)

முதலில் சபை விதிகளைக் கரைத்துக் குடித்தார். டெக்சாஸ் செனட்டில் ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அப்படியென்றால் பதினொரு பேர் ஒன்றாக நின்றால் எந்த மசோதாவையும் தடுத்துவிடலாம். 1967இல் வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் ஒரு மசோதா வந்தது. வாக்கு வரி நீதிமன்றத்தில் ஒழிந்தது அதற்கு முந்தைய வருடம்தான். வரி போன இடத்தில் வேறு முட்டுக்கட்டை போடும் முயற்சி அது. ஜோர்டன் மேடைப்பேச்சு எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு உறுப்பினராகப் போய்ப் பார்த்தார். இவருக்கு எங்கே உதவி தேவை, அவருக்கு என்ன கவலை என்று கேட்டு, பத்துப் பேரைத் தன் பக்கம் சேர்த்தார். தன்னோடு பதினொன்று. மசோதா எழவே இல்லை.

எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிவிட்டு, அத்தனை பேரையும் நேரில் போய்ப் பார்க்கிற இந்தப் பொறுமையை எத்தனை வகுப்பில் சொல்லியும் எனக்கு அலுத்ததில்லை. மத்திய அரசின் சட்டம் தொடாத ஏழைத் தொழிலாளர்களுக்கு மாநிலத்தின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், அரசு ஒப்பந்தங்களில் பாகுபாட்டுக்குத் தடை எல்லாம் இப்படித்தான் வந்தன.

கேள்வி: அவர் ஒருநாள் ஆளுநராக இருந்தாராமே?
(வாசகர், நாகப்பட்டினம்)

ஆமாம், 1972 ஜூன் 10. அங்கே செனட் தன் உறுப்பினர் ஒருவரை இடைக்காலத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆண்டு அது ஜோர்டன். ஆளுநரும் துணை ஆளுநரும் மாநிலத்துக்கு வெளியே போயிருக்கும்போது பொறுப்பு அவருக்கு வரும். அன்று ஆஸ்டின் தலைமைச் செயலகத்துக்கு ஹூஸ்டனிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. மகள் ஆளுநராக அமர்ந்ததைப் பார்த்த அப்பா பெஞ்சமினுக்கு அங்கேயே பக்கவாதம் வந்தது. மறுநாள் இறந்துவிட்டார்.

கேள்வி: மேடம், நான் பேச்சுப்போட்டிகளில் கலந்துகொள்பவன். நிக்சன் விவகாரத்தில் அவர் பேசிய பேச்சு உலகப் புகழ் பெற்றது என்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?
(பொறியியல் மாணவர், திருச்சி)

தம்பி, அந்தப் பேச்சை உட்கார்ந்து, பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு கேளுங்கள். பதினைந்து நிமிடத்துக்கும் குறைவுதான்.

முதலில் பின்னணி. 1972இல் ஹூஸ்டனின் 18ஆம் தொகுதியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தார். எந்தக் குழுவில் சேரலாம் என்று முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்சனிடம் யோசனை கேட்டார். அவர் நீதித்துறைக் குழுவைக் கேள் என்று சொன்னதோடு, வேண்டியவர்களிடமும் பேசினார். ஜான்சன் 1973 ஜனவரியில் காலமாகிவிட்டார். வாட்டர்கேட் ஊழல், அதாவது எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்ததையும் அதை அதிபர் நிக்சன் தரப்பு மூடிமறைத்ததையும் பற்றிய விவகாரம், அதே குழுவின் முன்னால் வந்து நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? 1974 ஜூலை 25. நிக்சன்மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவரலாமா என்று விவாதித்தது 38 பேர் கொண்ட அந்தக் குழு. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது.

தொடக்கத்தில் சொன்னார்: அரசியல் சாசனம் ‘மக்களாகிய நாம்’ என்று தொடங்குகிறது, 1787 செப்டம்பர் 17 அன்று அது எழுதி முடிக்கப்பட்டபோது அந்த மக்களில் நான் சேர்க்கப்படவில்லை, ஜார்ஜ் வாஷிங்டனும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் என்னைத் தவறுதலாக விட்டுவிட்டார்கள் என்று பல வருடம் நினைத்திருந்தேன், திருத்தங்கள், விளக்கங்கள், தீர்ப்புகள் வழியாக இப்போது நானும் சேர்க்கப்பட்டுவிட்டேன். அப்புறம்தான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம்: “அரசியல் சாசனத்தின் மேல் என் நம்பிக்கை முழுமையானது, நிறைவானது, குறைவற்றது.” அது சிதைக்கப்படுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன் என்றார்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது இதற்குப் பின்னால் வருவது. முதலில் ஓர் அளவுகோலை வைக்கிறார். உதாரணத்துக்கு, சாசனத்தை ஏற்பதற்காக நடந்த வர்ஜீனியா மாநில மாநாட்டில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் சொன்னது: யாரோ ஒருவரோடு அதிபருக்குச் சந்தேகத்துக்கிடமான தொடர்பு இருந்து, அவர் அந்த ஆளைக் காப்பாற்றுவார் என்று நம்ப இடமிருந்தால், அவரைப் பதவிநீக்க விசாரணைக்கு உட்படுத்தலாம். இதைப் படித்து முடித்ததும், வாட்டர்கேட் குற்றவாளிக்குப் பணம் போனது பற்றிய சாட்சியத்தை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறார். அடுத்து பழைய உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டோரி, பக்கத்தில், வியட்நாம் போர் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்தில் நடந்த திருட்டு. அடுத்து தென் கரோலினா மாநாட்டின் அளவுகோல், பக்கத்தில் நிக்சன் மக்களிடம் சொன்ன பொய்கள். கடைசியாக மறுபடி மேடிசன். இப்படி நான்கு ஜோடி.

நிக்சனைத் திட்டி ஒரு சொல் கிடையாது. குரல் உயரவில்லை. அளவுகோலையும் செயலையும் அருகருகே வைத்துவிட்டுத் தீர்ப்பைக் கேட்பவரிடமே விட்டார். இந்தக் குற்றங்களைக்கூடத் தொட முடியாதென்றால், அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சாசனத்தை இருபதாம் நூற்றாண்டுக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுவிடலாம் என்று கடைசியில் சொன்னபோது யாருக்கும் மறுத்துப் பேச இடமில்லை. இரண்டு நாள் கழித்து, முதல் குற்றச்சாட்டுக்கு ஆதரவாக 27, எதிராக 11. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். “சாசனத்தை எங்களுக்கு விளக்கியதற்கு நன்றி, பார்பரா ஜோர்டன்” என்று ஹூஸ்டனில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் முளைத்தன.

கைப்பையில் எப்போதும் சாசனத்தின் சிறு பிரதியை வைத்திருந்தவர் அவர். குரல் கடவுள் கொடுத்தது, சரி. இந்த நான்கு ஜோடியைத் தேடி எடுத்தது உழைப்பு. மாணவர்கள் குரலைத்தான் காப்பியடிக்கப் பார்க்கிறார்கள்.

கேள்வி: தலைக்கு மேல் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள். அவர்மேல் விமர்சனமே இல்லையா?
(வாசகர், மதுரை)

உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1971இல் மறுபடி தொகுதி எல்லைகளை வரைந்தபோது, அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போக வசதியாக 18ஆம் தொகுதி உருவானது. ஆனால் அவர் காலி செய்த மாநில செனட் தொகுதியில் கறுப்பின வாக்குகள் சிதறிப்போயின. தன் முன்னேற்றத்துக்காக அதை விட்டுக்கொடுத்தார் என்று, அவரோடு 1966இல் ஜெயித்து மாநில சபைக்குப் போன கர்டிஸ் கிரேவ்ஸ் பகிரங்கமாகக் குற்றம் சாட்டி, உள்தேர்தலில் எதிர்த்தும் நின்றார். ஜோர்டன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனாலும் ஐந்தாவது வார்டுக்கு ஒரு செனட் இடம் கைநழுவியது உண்மை. கிரேவ்ஸின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து.

1975இல் முன்னாள் ஆளுநர் ஜான் கானலி மேல் லஞ்ச வழக்கு நடந்தபோது, அவருடைய நடத்தைக்குச் சாட்சி சொல்லப் போனார். கானலி விடுதலையானார். கறுப்பின மக்களுக்குப் பெரிதாக எதுவும் செய்யாத மனிதருக்கு இவர் ஏன் போனார் என்று ஆதரவாளர்களே வருந்தினார்கள். அதிகாரத்தில் இருந்தவர்களோடு உறவை முறித்துக்கொள்ளாமலே காரியம் சாதித்தவர் அவர். அந்த முறைக்கு இப்படி ஒரு விலையும் இருந்தது.

கேள்வி: என் அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். எனக்கு விண்ணப்பித்து வருடக்கணக்கில் காத்திருக்கிறேன். உடன்பிறந்தோர் விசாவையே நிறுத்தச் சொன்னவர் ஜோர்டன் என்று படித்தேன். இவரையா பாராட்டுகிறீர்கள்?
(வாசகி, தஞ்சாவூர்)

உங்கள் வருத்தம் புரிகிறது அம்மா. நீங்கள் படித்தது சரிதான். குடியேற்றச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக அதிபர் கிளின்டன் அவரை நியமித்தார். 1995இல் அந்த ஆணையம், சட்டபூர்வக் குடியேற்றத்தை ஆண்டுக்கு 5,50,000 என்ற அளவுக்குக் குறைக்க வேண்டும், கணவன் மனைவி, சிறு பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்து, உடன்பிறந்தோர் பிரிவை எடுத்துவிட வேண்டும் என்று பரிந்துரை செய்தது. முடிவில்லாத வரிசையில் நிற்கவைத்து நம்பிக்கை கொடுப்பதைவிட, கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் முறை வேண்டும் என்பது அவர்கள் வாதம். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. அதனால்தான் உங்கள் விண்ணப்பம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

குடியேறிகளை வெறுப்பவர்கள் இன்று அவர் பெயரைச் சொல்லித் தங்கள் வாதத்தை அடுக்குவதை நான் பார்க்கிறேன். அது அவருக்குச் செய்யும் அநியாயம். குடியேறிகள் மேல் காட்டும் பகையும் பாகுபாடும் அமெரிக்காவின் மரபுக்கே விரோதம் என்று அதே ஆணையம் சொன்னது. சட்டவிரோதமாகக் குடியேறியவர்களுக்கு அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று மாற்றப் பார்த்தபோது, உடல் தளர்ந்த நிலையிலும் 1995 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு முன் அதை எதிர்த்துச் சாட்சி சொன்னார். உடன்பிறந்தோர் விசா விஷயத்தில் அவர் பரிந்துரையோடு எனக்கு உடன்பாடில்லை. பாராட்டுவதற்கு அது தடையாக இல்லை.

கேள்வி: உச்சத்தில் இருந்தவர் ஏன் மூன்றே முறையோடு விலகினார்?
(வாசகர், கோவை)

1973லேயே அவருக்கு ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்ற நரம்பு நோய் தெரியவந்தது. வெளியே சொல்லவில்லை. 1976இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் முதன்மை உரையை ஆற்றி, அரங்கையே கட்டிப்போட்டபோதும் நோய் உடம்புக்குள் இருந்தது. அந்த உரையை ஆற்றிய முதல் கறுப்பினப் பெண் அவர். 1978 தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஜான்சன் பெயரிலான பொதுநிர்வாகப் பள்ளியில் அரசியல் அறம் பற்றிப் பாடம் நடத்தினார். 1950களில் அவரைப் போன்றவர்களைச் சேர்க்க மறுத்த அதே பல்கலைக்கழகம்! அவர் வகுப்பில் இடம் பிடிக்க மாணவர்கள் குலுக்கல் போட வேண்டியிருந்தது. ஓர் ஆசிரியராக இதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது. 1992இல் சக்கர நாற்காலியில் இருந்தபடி மறுபடி மாநாட்டு உரை ஆற்றினார். 1996 ஜனவரி 17 அன்று இறந்தார். டெக்சாஸ் மாநில மயானத்தில் அடக்கம் செய்யப்பட்ட முதல் கறுப்பினத்தவர்.

கேள்வி: அவர் செய்ததில் இன்றைக்கும் மிச்சம் இருப்பது என்ன?
(வாசகி, புதுச்சேரி)

1965இன் வாக்குரிமைச் சட்டத்தை 1975இல் நீட்டித்தபோது, ஆங்கிலம் தெரியாத மொழிச் சிறுபான்மையினரையும் டெக்சாஸ் மாநிலத்தையும் அதற்குள் கொண்டுவரப் போராடினார். அவருடைய சொந்த மாநில ஆளுநரே எதிர்த்தார். இருந்தும் நிறைவேறியது. மெக்சிக வம்சாவளியினர் ஸ்பானிய மொழியில் வாக்குச்சீட்டு வாங்கியது அப்படித்தான். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இன்று வங்காள மொழியில் வாக்குச்சீட்டு கிடைப்பதும் அதே 1975 திருத்தத்தின் அடிப்படையில்தான். இது இருக்கிறது.

போய்விட்டதும் ஒன்று உண்டு. தேர்தல் விதிகளையோ தொகுதி எல்லைகளையோ மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அந்தத் திருத்தத்தால் டெக்சாஸுக்கு வந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் ஷெல்பி கவுன்டி வழக்கில் அதன் அடிப்படையை நீக்கிவிட்டது. சில மணி நேரத்திலேயே, அதுவரை தடுக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவோம் என்று டெக்சாஸ் அறிவித்தது. 2025இல் அந்த மாநிலச் சட்டமன்றம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும்வரைகூடக் காத்திருக்காமல், அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதிகளை மறுபடி வரைந்தது. ஜோர்டனின் 18ஆம் தொகுதியும் அதில் மாற்றி வரையப்பட்டது.